மனத்திற்கும் ஒரு சுமைதாங்கி

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களின் ஓரத்திலே சுமைதாங்கிக் கற்கள் சில இன்றும் எஞ்சி நிற்கின்றன. தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியை நாடாது தம் சுமையைச் சாய்த்து வைப்பதற்கு ஏற்ற உயரத்தில், மேற்புறம் தட்டையாக அமைந்த சிறு கட்டு அது. நெல்லும் புகையிலையும் மரக்கறியும் தலையிலே சுமந்து சந்தைக்குச் சென்ற காலத்தில், வழிப்போக்கர் அக்கல்லிலே சுமையை இறக்கிச் சற்று இளைப்பாறி, அருகே கேணி இருப்பின் நீரருந்தி, மீண்டும் சுமையை ஏற்றிக்கொண்டு தம் வழியே செல்வர். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை அமைப்பது நம் முன்னோர் வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே மறைந்தவளின் பெயரால் ஊரார் சுமையெல்லாம் இறங்கட்டும் என்று அவர்கள் கருதினர் போலும்.

இதிலே கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. சுமைதாங்கி எவருடைய சுமையையும் குறைப்பதில்லை. இறக்கி வைத்த மூட்டையிலே ஒரு மணி நெல்லேனும் குறைவதில்லை. செல்லவேண்டிய தூரமும் சுருங்குவதில்லை. ஆயினும் அங்கே ஐந்து நிமிடம் நின்றவன் எஞ்சிய வழியைத் தளராது நடந்து முடித்தான்.

தலைச்சுமை சுமக்கும் காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. மனச்சுமையோ முன்னையிலும் பெருகியுள்ளது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது எரிபொருளுக்காக வரிசையில் நின்ற நாட்கள் போயின. அந்நாட்களிலே பட்ட கடன் பல இல்லங்களில் இன்னும் போகவில்லை. பிள்ளையின் பரீட்சை, பெற்றோரின் நோய், கடல்கடந்து வாழும் மகனைப் பற்றிய ஏக்கம் என ஒவ்வொரு வீட்டிற்கும் ஒவ்வொரு மூட்டை உண்டு. இவற்றை ஒருநாளில் ஒழித்துவிடும் மந்திரம் எவரிடமும் இல்லை. நாளுக்குச் சிலமுறை அச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறும் எளிய பழக்கங்கள் சிலவற்றையே நாம் இங்கு கூறப் புகுகின்றோம்.

பூனை கற்பித்த பாடம்

மன அழுத்தம் என்றும் மன நெருக்கீடு என்றும் நாம் இன்று கூறுவது வெறும் மனத்தளவில் நின்றுவிடும் ஒன்றன்று. அது உடலின் தொழிற்பாடு. இதனை முதலில் ஆராய்ந்தோருள் ஒருவர் அமெரிக்க நாட்டு ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்ற்றர் கனன் என்பார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு ஓராண்டு கழிந்த காலத்திலே, மருத்துவ மாணவராயிருந்த அவர், உணவு உட்கொண்ட பூனையின் இரைப்பை எவ்வாறு அசைகின்றது என்பதை அக்கதிரின் துணைகொண்டு நோக்கினார். பூனை அமைதியாயிருந்த பொழுது இரைப்பை ஒழுங்காக அசைந்தது. அது கலக்கமுற்றதும் அசைவு முற்றாக நின்றது. தடவிக்கொடுத்துச் சாந்தப்படுத்தியதும் மீண்டும் அசையத் தொடங்கியது.

1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றிலே கனன் இதன் காரணத்தை விரித்துரைத்தார். ஆபத்தொன்று எதிர்ப்படும்போது சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அதிரீனலினைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது. இரத்தத்திலே சர்க்கரை கூடுகின்றது. தசைகளுக்கு இரத்தம் பாய்கின்றது. சமிபாடு போன்ற பொறுத்திருக்கக்கூடிய வேலைகள் நிறுத்தப்படுகின்றன. எதிர்த்துப் போரிடுவதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் ஆயத்தமாகின்றது.

தெருவிலே கடிநாய் துரத்தும்போது இவ்வாயத்தம் நம்மைக் காக்கின்றது. ஓடித் தப்பி வீட்டுப் படலையைச் சாத்தியபின் சிறிது நேரத்தில் நெஞ்சுத் துடிப்பு அடங்கிவிடும். ஆனால் கடன்காரரும் பரீட்சையும் அந்த நாயைப் போன்றவர்களல்லர். படலைக்கு வெளியே அவர்களை நிறுத்த இயலாது. நினைவின் வழியே உள்ளே நுழைந்து, நாள் முழுவதும் உடலின் அபாயமணியை அடித்துக்கொண்டே இருப்பர்.

அவ்வாறு மணி ஓயாது அடிப்பதன் விளைவை மொன்றியல் நகரிலிருந்து ஆராய்ந்தவர் ஹான்ஸ் செலி. கடுங்குளிர், காயம், அளவுமீறிய உழைப்பு, நஞ்சு என எவ்வகைத் துன்பத்திற்கு உட்படுத்தினாலும் எலிகளின் உடலிலே ஒரேவகை மாற்றங்கள் தோன்றுவதை அவர் கண்டார். 1936ஆம் ஆண்டில் ஒரு விஞ்ஞான சஞ்சிகைக்கு அவர் எழுதிய சிறு மடலே இத்துறைக்கு வித்திட்டது. துன்பங்கள் பலவாயினும் உடல் அவற்றுக்குக் கொடுக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே என்பது அதன் சாரம்.

நெருக்கீடு முற்றாகத் தீயதென்று எண்ணிவிடலாகாது. அளவான பரபரப்பு கருமத்திலே ஊக்கத்தைத் தரும். தீங்கு விளைவது ஓய்வின்றி நீடிக்கும்போதும் அளவு மீறும்போதுமேயாகும். எல்லாம் கற்றறிந்த மாணவன் வினாத்தாளைக் கண்டதும் எதுவும் நினைவுக்கு வராது விழிப்பதை ஆசிரியத் தொழிலிலுள்ள நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவனைச் சோம்பேறி என்று ஏசுவோரும் உளர். நெருக்கீட்டின்போது சுரக்கும் கோட்டிசோல் என்னும் ஓமோன், முன்பு கற்றதை நினைவுக்குக் கொணரும் ஆற்றலைத் தற்காலிகமாகக் குறைக்கக்கூடும் என்பதைச் சூரிச் நகர ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். கல்வி அவன் உள்ளத்தே இருக்கின்றது. அதன் வாயில் சிறிது நேரம் அடைபட்டுள்ளது. அதனைத் திறக்கும் திறவுகோல் ஏசலாக இருத்தல் இயலாதன்றோ?

மூச்சு என்னும் கடிவாளம்

இதயத் துடிப்பை நாம் நினைத்தபடி குறைத்தல் இயலாது. இரைப்பைக்கு ஆணையிடவும் இயலாது. ஆனால் தானாகவும் நடந்து, நம் விருப்பிற்கும் இணங்குவது மூச்சு. உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்புச் சற்று விரைவதும், வெளிவிடும்போது சற்றுத் தணிவதும் இயல்பு. மூளையிலிருந்து இதயத்திற்கும் வயிற்றிற்கும் இறங்கும் வேகசு என்னும் நரம்பே அத்தணிவைச் செய்கின்றது.

அந்நரம்பு இதயத்தை எவ்வாறு அடக்குகின்றது என்பதைக் கண்டவர் ஒஸ்திரிய நாட்டின் ஒற்றோ லூவி ஆவார். ஓர் இரவு, கனவிலே தோன்றிய பரிசோதனையொன்றை அரைத்தூக்கத்தில் தாளிலே குறித்து வைத்தார். விடிந்தபின் தம் கையெழுத்தைத் தம்மாலேயே வாசிக்க முடியவில்லை. மறுநாளிரவும் அக்கனவு வந்தது. இம்முறை தாமதியாது எழுந்து ஆய்வுகூடம் சென்றார். தவளையொன்றின் இதயத்திற்குச் செல்லும் வேகசு நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணியச் செய்து, அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றொரு தவளையின் இதயத்தின்மீது விட்டார். அதுவும் தணிந்தது. அமைதியூட்டும் இரசாயனப் பொருளொன்றை அந்நரம்பு சுரப்பது இதனாற் புலனாயிற்று. 1936இல் நொபெல் பரிசும் அவரைத் தேடி வந்தது.

எனவே மூச்சை நீளமாக வெளிவிடுதல் இக்கடிவாளத்தை நாமே பற்றுவதற்கு ஒப்பாகும். நிமிர்ந்து அமர்ந்து, மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளிவிடுக. ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு மூச்சுக்கள் வரும். இவ்வாறு ஐந்து நிமிடம் செய்தல் போதும். தலைசுற்றுமாயின் வலிந்து செய்யாது இயல்பாக மூச்சுவிடலாம்.

இத்தாலிய மருத்துவர் பேணாடி என்பாரும் அவருடைய தோழர்களும் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. இலத்தீன் மொழியிலே செபமாலை சொல்லும்போதும், யோக மந்திரம் ஓதும்போதும் மூச்சு எவ்வாறு அமைகின்றது என்பதை அவர்கள் சோதித்தனர். இரு வேளையிலும் மூச்சு நிமிடத்திற்கு ஆறளவிலேயே வந்து நின்றது. கோயிலிலே நாமம் ஓதும் பாட்டியாரும், தேவாலயத்திலே செபமாலை உருட்டும் அயல்வீட்டு அம்மையாரும் ஒரே தாளத்தில் மூச்சுவிடுகின்றனர் என்பது மகிழ்தற்குரிய செய்தியே. பக்தியின் பயன் அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. மூச்சின் பயன் எல்லார்க்கும் பொது.

மாணவர்கள் இதனைப் பரீட்சை நாளிலே முதன்முறையாகச் செய்து பார்த்தல் தகாது. நாள்தோறும் படிக்கத் தொடங்குமுன் பழகிவரின், வினாத்தாளைத் திறக்குமுன் பத்து மூச்சு விட்டாலே உடல் குறிப்பறிந்து அடங்கும்.

நடையும் மரநிழலும்

ஓடுவதற்கென உடல் ஆயத்தஞ் செய்த சக்தியை ஓரளவேனும் செலவிட்டாலன்றி அது அமைதியுறாது. அதற்கு நடையைப் போன்ற எளிய வழி பிறிதில்லை. வளர்ந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமும் பெறவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. கணக்கிட்டால், வளர்ந்தோர்க்கு அது நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய இருபது நிமிடமே. மாலையிலே கோயில் வீதியைச் சுற்றி வருதலும், கடற்கரையோரம் நடத்தலும், பஸ் வண்டியை ஒரு தரிப்பிடம் முன்னதாகவே விட்டிறங்கி நடத்தலும் அதற்குப் போதுமானவை. பிள்ளையின் பின்னேரத்தை முழுவதும் தனியார் வகுப்புகளுக்கே எழுதிக் கொடுத்துவிட்ட பெற்றோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். மைதானத்திலே செல்லும் அரைமணி நேரம் படிப்பிலிருந்து திருடப்பட்டதன்று.

நடக்கும் வழியில் மரங்கள் இருப்பின் பயன் மிகும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில வைத்தியசாலை ஒன்றிலே பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவேடுகளை ரொஜர் உல்றிச் என்னும் ஆய்வாளர் ஒப்புநோக்கி, 1984ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டிருந்தோர் 23 பேர். செங்கற் சுவரையே கண்டிருந்தோர் 23 பேர். மரங்களைக் கண்டோர் முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான நோநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. முற்றத்து வேம்பையும் மாமரத்தையும் தறித்துச் சீமெந்து பூசுமுன் நாம் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுவது நன்று. படிக்கும் மேசையைச் சுவரை நோக்கி இடாது சாளரத்தை நோக்கி இடுவதற்குப் பணம் எதுவும் செலவாவதில்லை.

சோற்றுக்கோப்பைக்கு முன்னே

கனன் கண்ட பூனையை இங்கு மீண்டும் நினைவுகூர்வோம். கலக்கமுற்ற உயிரின் இரைப்பை வேலை செய்வதில்லை. அங்ஙனமாயின், "கணிதத்திற்கு எத்தனை புள்ளி? அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை?" என்ற விசாரணையைச் சோற்றுக்கோப்பைக்கு முன்னேதான் நடத்தவேண்டுமா? நம் வீடுகள் பலவற்றிலே தாய், தந்தை, மக்கள் எல்லாரும் ஒருங்கிருக்கும் வேளை இராச் சாப்பாட்டு வேளை ஒன்றே. அதனால் நாள் முழுவதும் சேர்த்துவைத்த கண்டனங்களெல்லாம் அங்கே கொட்டப்படுகின்றன.

புள்ளிகளைப் பற்றி விசாரித்தல் பெற்றோர் கடமையே. அதற்கு வேறொரு நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். உண்ணும் அரைமணி நேரம் மட்டும் கடனும் கணக்கும் பரீட்சையும் பேசப்படாத வேளையாக இருக்கட்டும். கைத்தொலைபேசிகளும் அவ்வேளை வேறோர் அறையிலே ஓய்வு கொள்ளட்டும்.

பிள்ளைகளின் நெருக்கீட்டைப் பற்றிப் பேசுவோர் தாயின் நெருக்கீட்டை மறந்துவிடுதல் இயல்பு. விடியுமுன் எழுந்து, எல்லார்க்கும் உணவு கட்டிக் கொடுத்து, தானும் தொழிலுக்குச் சென்று மீண்டு, இரவிலே கடைசியாகப் படுக்கும் பெண்ணுக்கு இறக்கி வைக்கும் கல் எங்கே உள்ளது? ஒரு கோப்பைத் தேநீரை நின்றபடியே குடித்து முடிக்கும் தாய்மார் எத்தனை பேர்! நாளொன்றில் பதினைந்து நிமிடம் அவர் அமர்ந்திருக்க, அவ்வேளை அடுப்படியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வர் என்ற ஒழுங்கு ஒவ்வொரு வீட்டிலும் ஏற்படவேண்டும். இளைப்பாறுவதற்குக் கல் இருந்தாற் போதாது. அங்கே நிற்க விடுவாரும் வேண்டும்.

நாளையை எழுதி வைத்துவிட்டு உறங்குக

விளக்கணைத்தபின் பெருகுவது கவலை. நாளை செய்யவேண்டியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். இதற்கு எளிய மருந்தொன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் சோதித்தனர். 57 இளைஞர்களுள் ஒரு பகுதியினர் படுக்குமுன் ஐந்து நிமிடம், வரும் நாட்களிலே செய்யவேண்டியவற்றை எழுதினர். மற்றையோர் செய்து முடித்தவற்றை எழுதினர். செய்யவேண்டியவற்றை எழுதினோர் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாகவே உறங்கிவிட்டனர். எவ்வளவு விரிவாக எழுதினரோ அவ்வளவு விரைவாக உறங்கினர். மறந்துவிடுவோமோ என்று காவல் காத்துநின்ற மனம், தாளிடம் காவலை ஒப்படைத்துவிட்டு ஓய்கின்றது எனலாம். பழைய அப்பியாசக் கொப்பியின் எஞ்சிய ஒற்றைகள் இதற்குப் போதும்.

தேநீரைப் பற்றியும் ஒரு சொல். அதிலுள்ள கஃபீன் என்னும் பொருளிற் பாதி உடலை விட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செல்லும். மாலை ஆறு மணிக்குக் குடித்த சாயத் தேநீரிற் பாதி, இரவு பதினொரு மணிக்கும் விழித்திருக்கும். கண்விழித்துப் படிப்பதற்காக மேலும் மேலும் தேநீர் அருந்தும் மாணவர்கள், பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என அமெரிக்க உறக்க மருத்துவர் சங்கம் 2016இல் அறிவித்ததை அறிந்திருத்தல் நன்று. பகலிற் படித்தவை உறக்கத்திலேதான் நினைவில் ஊன்றுகின்றன. உறக்கத்தை விற்றுப் படிப்பை வாங்க முனைவோர் இரண்டையும் இழப்பர்.

சிறிதாகத் தொடங்குக

மேற்கூறிய யாவற்றையும் வாசித்து, நாளை முதல் எல்லாவற்றையும் செய்வேன் என்று சூளுரைப்பவர் அடுத்த வாரமே யாவற்றையும் கைவிட்டுவிடுவர். அதுவும் ஒரு புதுச் சுமையாய் முடியும். ஏதேனும் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்க. அதனை ஏலவே நடைபெறும் ஒரு செயலோடு பிணைத்து விடுக. பல் துலக்கியபின் பத்து மூச்சு, தேநீருக்குப்பின் நடை, பாய் விரிக்குமுன் நாளைய குறிப்பு. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே 96 பேரைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செயல் தன்னியல்பாகப் படிவதற்குச் சராசரி 66 நாட்கள் சென்றன. சிலர்க்கு 18 நாட்களும், சிலர்க்கு இருநூறுக்கு மேலும் சென்றன. இடையிலே ஒருநாள் தவறியதாற் பெருங்கேடு விளையவில்லை என்பதும் அவ்வாய்வு தந்த ஆறுதல். ஆகவே ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள்.

கல்லிலே இறக்க முடியாத சுமை

எல்லாச் சுமையும் தனியொருவர் பழக்கத்தால் இறங்கிவிடும் என்று கூறுவது பொய்யாகும். பசித்த வீட்டிற்கு வேண்டியது முதலில் அரிசி. அடிபடும் பெண்ணுக்கு வேண்டியது முதலில் பாதுகாப்பு. மூச்சுப் பயிற்சியை அவர்களுக்கு உபதேசிப்பது கொடுமை. போரும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் விட்டுச் சென்ற வடுக்களும் பல உள்ளங்களிலே இன்னும் ஆறவில்லை. அவ்வடுக்கள் மெய்யானவை, மருத்துவம் வேண்டுபவை என்பதை யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட தம் நூலினால் உலகறியச் செய்தார்.

இரு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பற்று, வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் ஒருவரிடம் தலைகாட்டுமாயின் அயலார் என்ன சொல்வரோ என்று தயங்காது வைத்தியரை நாடவேண்டும். உயிர்மீது வெறுப்புச் சொல் ஒன்று வருமாயின் இரு வாரம் பொறுத்திருத்தலும் ஆகாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும், இந்நாட்டிலே 1974 முதல் இயங்கிவரும் சுமித்திரயோ அமைப்பும் இத்தகையோரின் குரலைக் கேட்பதற்கென்றே உள்ளன. காய்ச்சலுக்கு வைத்தியசாலை செல்வதில் இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் எதற்கு?

அதற்கு முன்பே நம் வீட்டு விறாந்தையிலே செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளை ஏதேனும் சொல்லத் தொடங்கும்போது, "எங்கள் காலத்திலே இவையெல்லாம் இருந்தனவா?" என்று வாயடைக்காது, சொல்லி முடிக்கும்வரை கேட்டிருத்தல். தீர்வு கூறவேண்டிய கட்டாயமில்லை. வழியோரத்துச் சுமைதாங்கி வருவோர் போவோர்க்குப் புத்தி சொன்னதில்லை. அது அசையாது நின்றது. அதனாலேயே பலர் சுமையை நம்பி இறக்கி வைத்தனர். இன்றிரவு நம் வீட்டிலே ஒருவர்க்கு நாமும் அவ்வாறு சிறிது நேரம் நின்றுகொடுத்தல் கூடுமன்றோ?